நாலு பேர் ஏறினால் திணறும் படகு: சரியான புரொப்பெல்லரைத் தேடி ஒரு நிகழ்வு ஆய்வு

4.8 மீட்டர் நீளமுள்ள ஃபைபர் படகு. பின்புறம் 60 குதிரைத்திறன் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு இன்ஜின், அதில் 14 அங்குல பிட்ச் (ஒரு சுற்றில் ஏட்டுக் கணக்குப்படி முன்னேறும் தூரம்) உள்ள மூன்று இதழ் அலுமினியப் புரொப்பெல்லர். ஒருவர் மட்டும் போகும்போது படகு குறை சொல்ல முடியாதபடி ஓடுகிறது. நாலு பேர் ஏறி, டேங்க்கும் நிறைந்திருந்தால் அணியத்தை, அதாவது முன்முனையைத் தூக்கிக்கொண்டு, பின்பக்கம் அமிழ்ந்து, நீரை உழுதபடி தவிக்கிறது. நீரின் மேல் எழும்பி ஓடத் தொடங்க 11 வினாடி ஆகிறது. த்ராட்டிலை முழுக்கத் தள்ளினாலும் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. வேகம் போதவில்லை என்றால் பிட்ச் கூடுதலான புரொப்பெல்லர் வேண்டும், 16 அங்குலம் போட்டால் சரியாகிவிடும் என்பது படகுக்காரரின் முடிவு.

அந்த முடிவு இன்ஜினையே கெடுத்திருக்கும். ஏன் என்பதையும், அதற்குப் பதிலாக என்ன செய்திருக்க வேண்டும் என்பதையும் படிப்படியாகப் பார்க்கலாம். இந்த அளவுப் படகுகளில் அடிக்கடி சேர்ந்தே வரும் கோளாறுகளை ஒரே படகில் வைத்து அமைத்த மாதிரி நிகழ்வு இது. ஓட்ட எண்கள் கணக்கைத் தொடர்ந்து பார்ப்பதற்காக வைத்தவை. உங்கள் படகின் எண்களை நீங்கள்தான் அளக்க வேண்டும், ஆனால் கணக்கிடும் முறை மாறாது.

முதலில் பார்க்க வேண்டியது வேகமானி அல்ல, இன்ஜின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டர். முழுச் சுமையோடு, முழு த்ராட்டிலில் இந்த இன்ஜின் எட்டிய சுற்று நிமிடத்துக்கு 4,650. இன்ஜின் கையேடு முழு த்ராட்டிலுக்குக் கொடுத்திருக்கும் வரம்போ 5,000 முதல் 6,000 வரை. நோய் இங்கேதான் இருக்கிறது. இன்ஜின் தன் முழுத் திறனைக் கொடுப்பது அந்த வரம்புக்குள்தான். முறுக்குவிசை ஏறத்தாழ ஒரே அளவில் இருப்பதாக வைத்துக்கொண்டால், 5,500 சுற்றில் 60 குதிரைத்திறன் தரும் இன்ஜின் 4,650 சுற்றில் தருவது 50-ஐ ஒட்டித்தான். மிச்சம் பத்துக் குதிரைத்திறன் இன்ஜினுக்குள்ளேயே பயன்படாமல் கிடக்கிறது. பிட்ச்சை 16 ஆக்கினால் சுற்று இன்னும் விழும், கையிலிருக்கும் 50-ம் குறையும்.

திறன் குறைவது மட்டுமல்ல விஷயம். த்ராட்டில் முழுக்கத் திறந்திருக்க, சுற்று மட்டும் ஏற முடியாமல் அழுந்திக் கிடந்தால் சிலிண்டருக்குள் அழுத்தமும் வெப்பமும் கூடும், கரி படியும், எரிபொருள் நேரம் தப்பி வெடிக்கும் ஆபத்தும் உண்டு. ஏற்றத்தில் லாரியை நாலாவது கியரிலேயே வைத்து மிதிக்கும்போது இன்ஜின் உறுமித் திணறுமே, அதே நிலைதான். தண்ணீரில் அந்தத் திணறல் காதுக்கு அவ்வளவாக எட்டாது. அதனால் பலர் வருடக்கணக்கில் இப்படியே ஓட்டுகிறார்கள். மறுபக்கத் தவறும் உண்டு. பிட்ச் மிகவும் குறைந்தால் இன்ஜின் வரம்பை மீறிச் சுழன்று, காப்புக் கருவி சுற்றை வெட்டத் தொடங்கும்.

பிட்ச் என்பது, நீர் சற்றும் நழுவாத கெட்டிப்பொருளாக இருந்தால் புரொப்பெல்லர் ஒரு முழுச் சுற்றில் முன்னேறும் தூரம். 13 x 14 என்று பொறித்திருந்தால் முதல் எண் இதழ்முனைகள் வரையும் வட்டத்தின் விட்டம், இரண்டாவது பிட்ச், இரண்டும் அங்குலத்தில். இன்ஜின் சுற்றை கியர் விகிதத்தால் வகுத்தால் புரொப்பெல்லரின் சுற்று கிடைக்கும். இந்த இன்ஜினின் விகிதம் 1.85. சுற்று, பிட்ச் இரண்டையும் பெருக்கி, 0.001524 ஆல் பெருக்கி, கியர் விகிதத்தால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற ஏட்டுக் கணக்கு வேகம் வரும். 4,650 சுற்றுக்கும் 14 அங்குலத்துக்கும் அது 53.6 கிலோமீட்டர். படகு ஓடியது 40. இடைவெளி 25 சதவீதத்துக்குச் சற்று மேல். இதைத்தான் ஸ்லிப் என்கிறோம்.

ஸ்லிப் பூஜ்யமாக முடியாது. நீரைப் பின்னால் தள்ளாமல் உந்துவிசை பிறக்காது, தள்ளினால் நழுவல் இருந்தே தீரும். ஆனால் எழும்பி ஓடும் சிறு படகில், நல்ல நிலையில், அது 10 முதல் 15 சதவீதம் வரை வருவது வழக்கம். சுமை கூடினால் 20-ஐயும் தொடலாம். 25 என்றால் புரொப்பெல்லரின் அளவைத் தாண்டி வேறு எதுவோ இழுக்கிறது என்று பொருள். ஸ்லிப் என்னும் எண்ணின் மதிப்பே இதில்தான் இருக்கிறது: எங்கே கோளாறு என்று அது சொல்லாது, கோளாறு உண்டு என்று சொல்லிவிடும்.

அளக்கும் முறை பற்றி ஒரு வார்த்தை. வேகத்தை ஜிபிஎஸ் கொண்டே எடுக்க வேண்டும். நீரழுத்தத்தால் இயங்கும் பழைய வேகமானிகளை இந்தக் கணக்குக்கு நம்ப முடியாது. ஒரே பாதையில் போகவும் வரவும் ஓட்டிச் சராசரி எடுத்தால் நீரோட்டமும் காற்றும் கழிந்துவிடும். வழக்கமாக எத்தனை பேர் ஏறுகிறார்களோ அத்தனை பேரும் ஏறியிருக்க வேண்டும். தனியாளாக ஓட்டிப் பார்த்துப் புரொப்பெல்லர் வாங்குவது, சட்டை யாருக்கு என்று கேட்காமலே துணி வெட்டும் வேலை. ஓட்டும் இடத்தில் நீந்துபவர்களோ வேறு படகுகளோ இருக்கக் கூடாது. இன்ஜினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு ஓட்டுபவர் உடலில் மாட்டியிருக்க வேண்டும்.

இனி சோதனை. சுற்று ஏறவில்லை என்றதும் புரொப்பெல்லர் மேல் பழி போடுவதற்கு முன், சொல்லும் எண் உண்மைதானா என்று பார்க்க வேண்டும். அவுட்போர்டு டாக்கோமீட்டர்கள் பலவற்றின் பின்புறம், ஆல்டர்னேட்டரின் துருவ எண்ணிக்கைக்கு ஏற்ப வைக்கும் ஒரு சிறு தேர்வி இருக்கும். அது தவறான இடத்தில் இருந்தால் முள் காட்டுவதெல்லாம் தவறு. அடுத்தது த்ராட்டில் கேபிள். கையிலுள்ள நெம்புகோல் கடைசி வரை போனாலும் இன்ஜினில் த்ராட்டில் முழுக்கத் திறக்காமல் இருப்பது அரிதல்ல. இன்ஜினை நிறுத்தி, மூடியைக் கழற்றி, ஒருவர் நெம்புகோலைத் தள்ள இன்னொருவர் பார்த்தால் தெரிந்துவிடும். ஸ்பார்க் பிளக், எரிபொருள் வடிகட்டி, சிலிண்டர் அழுத்தம் இவையும் சரியாக இருக்க வேண்டும். ஒரு சிலிண்டர் ஒழுங்காக எரியாத இன்ஜினுக்குச் சின்னப் புரொப்பெல்லர் போட்டுச் சுற்றை ஏற்றிக் காட்டலாம். நோய் உள்ளேயே இருக்கும். நமது படகில் இவை எல்லாம் சரியாக இருந்தன.

புரொப்பெல்லரின் நடுவில் உள்ள ரப்பர் புஷ்ஷையும் சோதிக்க வேண்டும். அது உள்ளே நழுவினால் இன்ஜின் சுற்று திடீரென்று ஏறும், படகு மட்டும் போகாது. உள்வளையத்திலிருந்து வெளி உடல் வரை பெயின்ட்டில் ஒரு கோடு போட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு உடைந்து விலகியிருந்தால் புஷ் போய்விட்டது. இங்கே சுற்று ஏறாததுதான் குறை என்பதால் சந்தேகம் குறைவு, ஆனாலும் சில நிமிட வேலை. இதழ்களில்தான் குறை தெரிந்தது. ஒரு முனை சற்று வளைந்திருந்தது, முன்விளிம்புகளில் கல்லில் பட்ட கொத்தல்கள். இதை நினைவில் வையுங்கள், பின்னால் கணக்கில் வரும்.

அடுத்தது படகின் அடிப்பகுதியும் சுமையும். நீரிலேயே கிடக்கும் படகின் அடியில் பாசியும் சிறு சிப்பிகளும் பிடித்தால் எந்தப் புரொப்பெல்லரும் ஈடுகட்ட முடியாது. உப்புத்தாள் போன்ற மெல்லிய சொரசொரப்பே போதும், வேகம் குறையும். அடிப்பலகையில் தேங்கிய நீர் ஒவ்வொரு லிட்டருக்கும் ஒரு கிலோ. தளத்துக்கு அடியில் நுரைத்திணிப்பு உள்ள பழைய படகுகளில் அது நீர் குடித்து ஊறியிருக்கவும் கூடும். டிரெய்லரோடு எடைமேடையில் ஏற்றி, படகைத் தயாரித்தவர் சொன்ன எடையோடு ஒப்பிட்டால் அந்த மறைந்த சுமை வெளிப்படும். இந்தப் படகில் ஊறல் இல்லை. ஆனால் பேட்டரி இரண்டு, நங்கூரச் சங்கிலி, குடிநீர்க் கேன் எல்லாம் பின்பக்க மூலையிலேயே குவிந்திருந்தன. நாலு பேரில் மூன்று பேர் உட்காருவதும் பின்னால்தான். பின்பாரம் கூடினால் அணியம் ஏறும், படகு எழும்பத் தாமதிக்கும். ஓடத் தொடங்கியதும் அணியம் ஏறி இறங்கித் துள்ளவும் செய்யும்.

பின்பலகைக்கு முன்னே உள்ள கடைசி இரண்டு மீட்டர் அடிப்பகுதியில் நேரான சட்டம் ஒன்றை வைத்துப் பார்ப்பதும் நல்லது. உட்குழிந்திருந்தால் அணியத்தை நீரில் அமுக்கும். வெளிப்புடைத்திருந்தால் துள்ளலைக் கொண்டுவரும். டிரெய்லர் உருளைகள் ஒரே இடத்தில் வருடக்கணக்கில் அழுத்துவதால் இப்படி ஆகலாம். இங்கே அடி நேராகவே இருந்தது.

அடியைச் சுத்தம் செய்து, பேட்டரி ஒன்றையும் நங்கூரத்தையும் முன்னே நகர்த்தி, ஒருவரை முன் இருக்கையில் உட்கார வைத்தபின் அதே புரொப்பெல்லரில் சுற்று 4,800, வேகம் 43 கிலோமீட்டர். எழும்ப 9 வினாடி. ஸ்லிப் 22 சதவீதத்துக்கு இறங்கியது. இதற்குச் செலவழிந்தது உழைப்பு மட்டுமே.

இனி, பலரும் தொடவே தயங்கும் இடம்: இன்ஜின் மாட்டியிருக்கும் உயரம். என் கணிப்பில், சிறு படகுகளில் மிக அதிகமாகக் கவனிக்கப்படாமல் போவது இதுதான். புரொப்பெல்லருக்குச் சற்று மேலே கிடைமட்டமாக நீட்டிக்கொண்டிருக்கும் தட்டைப் பாருங்கள். நீர்ப்பரப்பிலிருந்து காற்று உறிஞ்சப்பட்டு இதழ்களுக்குள் வராமல் தடுப்பது அதன் வேலை. இன்ஜினை நேராக நிறுத்தி, படகின் அடிநடுவே நீளவாக்கில் ஓடும் ஏராவிலிருந்து பின்னோக்கி ஒரு நேர்ச்சட்டம் பிடித்தால், அந்தத் தட்டு சட்டத்தின் மட்டத்திலோ சற்று மேலேயோ இருப்பது பொதுவான தொடக்க நிலை. நமது படகில் தட்டு 50 மில்லிமீட்டர் கீழே அமிழ்ந்திருந்தது. அவ்வளவு கியர் உறையும் நீருக்குள் இழுபட்டுக்கொண்டே போகிறது. வேகம் ஏற ஏற அந்த இழுவை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் வளரும்.

அவுட்போர்டு தாங்கியில் மேல் துளைகள் 19 மில்லிமீட்டர் இடைவெளியில் வரிசையாக இருக்கும். இரண்டு துளை ஏற்றினால் 38 மில்லிமீட்டர். தட்டு ஏராவுக்கு 12 மில்லிமீட்டர் கீழே வந்து நின்றது. ஓடும்போது பின்னால் திரும்பிப் பார்த்தால் தட்டு நீரின் மேல்பரப்பை வருடிக்கொண்டு போவது தெரிந்தது. சுற்று 4,900, வேகம் 45, எழும்ப 8 வினாடி, ஸ்லிப் 20 சதவீதம். மூன்றாவது துளைக்கும் ஏற்றிப் பார்த்தபோது நேர் ஓட்டத்தில் இன்னும் சற்று லாபம் இருந்தது. ஆனால் அலையில் திரும்பும்போது புரொப்பெல்லர் பிடி விட்டது: இன்ஜின் சுற்று எகிறியது, படகு தளர்ந்தது. ஆகவே மறுபடி இரண்டாவது துளைக்கே இறக்க வேண்டியதாயிற்று. உயரம் மாற்றும்போதெல்லாம் குளிர்விக்கும் நீர் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க வேண்டும். நீர் உறிஞ்சும் துளைகள் மேலே வந்துவிட்டால் லாபமாகக் கிடைத்த இரண்டு கிலோமீட்டருக்கு விலையாக இன்ஜினையே கொடுக்க நேரும்.

மேலே சொன்ன பிடி விடுதல் காற்று புகுவதால் வருவது. இன்னொன்று உண்டு. இதழின் முதுகில் அழுத்தம் மிகக் குறைந்து, நீரே ஆவிக் குமிழ்களாகி, அந்தக் குமிழ்கள் உடையும்போது உலோகத்தில் குழி பறிப்பது. 1894-இல் சார்லஸ் பார்சன்ஸ் நீராவி டர்பைன் பொருத்தி மிதக்கவிட்ட டர்பீனியா என்ற கப்பல் முதல் சோதனைகளில் எதிர்பார்த்த வேகத்தைத் தராததற்குக் காரணம் இந்தக் குமிழ்கள்தான். பார்சன்ஸ் கண்ணாடிச் சாளரம் வைத்த நீர்த்தொட்டியில் சிறு புரொப்பெல்லரைச் சுழற்றி அதைக் கண்ணால் பார்த்தார். இயந்திர அமைப்பையும் மாற்றி, மூன்று தண்டுகளில் தண்டுக்கு மூன்றாக ஒன்பது புரொப்பெல்லர்களைப் பொருத்திய பிறகு, 1897-இல் அதே கப்பல் 34 நாட் வேகத்தில் பறந்தது. நம் சிறு படகில் இந்தக் குமிழ்களுக்குப் பெரும்பாலும் காரணம் சேதமடைந்த முன்விளிம்பு. கொத்தல் விழுந்த இடத்துக்குப் பின்னால் பெயின்ட் உரிந்து உலோகம் பொடிப்பொடியாக அரித்திருந்தால் இதுதான்.

இப்போதுதான் புரொப்பெல்லரை மாற்றும் நேரம் வருகிறது. தடைகள் நீங்கியும் சுற்று 4,900-இல் நிற்கிறது, வரம்பின் அடிப்படிக்கும் கீழே. பிட்ச்சில் ஓர் அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 சுற்று வரை ஏறும் என்பது நம்பத்தக்க கைக்கணக்கு. இலக்கு, வழக்கமான சுமையில் வரம்பின் மேல்பாதியை நெருங்குவது. 13 அங்குலம் போட்டால் 5,100-ஐ ஒட்டி வரும், 12 போட்டால் 5,300-ஐ ஒட்டி. இரண்டையும் கடனாக வாங்கி ஓட்டிப் பார்ப்பதுதான் சரியான வழி. முதலில் வாங்கிவிட்டுப் பிறகு வருந்துவதில் பயனில்லை.

முழுச் சுமையில் 13 அங்குலப் புரொப்பெல்லர் 5,150 சுற்றும் 46 கிலோமீட்டரும் கொடுத்தது. 12 அங்குலம் 5,350 சுற்றும் அதே 46 கிலோமீட்டரும். ஸ்லிப் முறையே 16.6, 13. கைக்கணக்கைவிடச் சுற்று சற்றே கூடுதலாக ஏறியதற்கும் ஸ்லிப் இப்படி விழுந்ததற்கும், பழைய புரொப்பெல்லரின் வளைந்த முனையும் கொத்தலும் ஒழிந்தது ஒரு காரணம். பிட்ச் இரண்டு அங்குலம் குறைந்தும் வேகம் 45-லிருந்து 46 ஆனதைப் படகுக்காரரால் முதலில் நம்ப முடியவில்லை. பயன்படாமல் கிடந்த குதிரைத்திறன் வெளியே வந்துவிட்டது, அவ்வளவுதான்.

உச்ச வேகம் ஒன்றாக இருக்க, எதைத் தேர்ந்தெடுப்பது? எழும்பும் நேரம் 13-க்கு 6.5 வினாடி, 12-க்கு 5. தனியாளாக ஓட்டும்போது 13 அங்குலம் 5,450 சுற்றில் 50 கிலோமீட்டரைத் தொட்டது. 12 அங்குலம் 5,650 சுற்றில் 49. இரண்டும் 6,000 வரம்புக்குள்ளேயே நிற்கின்றன. தனியாகவே அதிகம் போகிறவருக்கு 13-தான் என் பரிந்துரையாக இருந்திருக்கும். ஒரே வேகத்துக்கு இன்ஜின் சற்று மெதுவாகச் சுழலும், இரைச்சலும் குறையும். ஆனால் இந்தப் படகு பெரும்பாலும் நாலு பேரோடு போகிறது, அலையில் நின்று நின்று எழும்ப வேண்டியிருக்கிறது. அதற்கு 12. காகிதத்தில் ஒரு கிலோமீட்டர் இழப்பு, நீரில் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் கையில் தெரியும் வலு. மேலும், குறைந்த வேகத்திலும் நீர்மேல் நிற்க முடிவதால் அலை கூடும் நாளில் வேகத்தைத் தணித்துப் பாதுகாப்பாகத் திரும்பலாம். உச்ச வேகத்தைவிட இந்தக் குணத்தையே நான் மேலாக மதிக்கிறேன்.

எவர்சில்வர் புரொப்பெல்லர் வேண்டுமா என்ற கேள்வி எப்போதும் எழும். அது அலுமினியத்தைவிடப் பல மடங்கு உறுதி. இதழை மெல்லியதாக வார்க்கலாம், அழுத்தத்தில் வளையாது, வேகப் படகுக்கு அது உண்மையான லாபம். பாறையும் மணல்திட்டும் உள்ள ஆழமற்ற நீரில் ஓடும் இந்தப் படகுக்கு அலுமினியமே போதும். மோதினால் இதழ் வளைந்து அதிர்ச்சியில் ஒரு பங்கைத் தானே வாங்கிக்கொள்ளும், பழுது பார்ப்பதும் எளிது. நாலு இதழ் வகை சுமையோடு எழும்புவதில் கெட்டி, திருப்பத்தில் பிடி விடாது, சற்று உச்ச வேகத்தை விலையாகக் கேட்கும். அதே பிட்ச்சில் சுற்றும் சற்று விழும். 12 அங்குல மூன்று இதழே வேலையை முடித்துவிட்டதால் இங்கே அதற்குத் தேவை வரவில்லை. பின்விளிம்பை உள்வளைத்த வகைகளும் சுற்றைக் குறைக்கும் என்பதால், எண் ஒன்றாக இருந்தாலும் வேறு வடிவப் புரொப்பெல்லர் அதே முடிவைத் தராது. உயரமான மலை ஏரிகளில் ஓட்டுபவர்கள் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: 300 மீட்டர் ஏறினால் சாதாரண இன்ஜின் ஏறத்தாழ 3 சதவீதத் திறனை இழக்கும், அதனால் பிட்ச்சும் குறைய வேண்டும்.

மாட்டும்போது சாவியை எடுத்துவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, பேட்டரித் தொடர்பைத் துண்டித்த பிறகே இதழில் கை வைக்க வேண்டும். தண்டின் பற்களில் கிரீஸ் பூசி, முன்வளையத்தைத் திசை மாறாமல் பொருத்தி, நட்டைக் கையேட்டின் அளவுக்கு இறுக்கி, நட்டைப் பூட்டும் பின்னைப் புதிதாகப் போட வேண்டும். பழைய புரொப்பெல்லரைக் கழற்றியபோது தண்டில் சுற்றிக் கிடந்த தூண்டில் நரம்பு வெளிவந்தது. அது எண்ணெய் சீலை அறுத்து கியர் பெட்டிக்குள் நீரை விட்டுவிடும். கியர் எண்ணெய் பால் நிறமாகியிருக்கிறதா என்று அப்போதே பார்த்தாயிற்று. நல்லவேளை, இல்லை.

ட்ரிம், அதாவது இன்ஜினைச் சாய்த்து வைக்கும் கோணம், அந்தப் பழக்கமும் மாறியது. இன்ஜினை உள்ளே சாய்த்துக் கிளம்பி, படகு எழும்பியதும் மெல்ல வெளியே சாய்த்து, அணியம் துள்ளத் தொடங்கும் கணத்துக்குச் சற்று முன்னால் நிறுத்த வேண்டும். முன்பு படகுக்காரர் ஒரே நிலையில் வைத்து ஓட்டியதால் இந்த லாபம் கிடைக்காமலே போயிற்று. 60 குதிரைத்திறன் இன்ஜின் முழு த்ராட்டிலில் மணிக்கு 20 லிட்டருக்கு மேல் பெட்ரோல் குடிக்கும். ஆகவே ஒவ்வொரு 500 சுற்றுக்கும் வேகத்தையும் எரிபொருள் ஓட்டத்தையும் குறித்து, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பட்டியல் போடுவது அடுத்த வேலை. வளைந்த 14 அங்குலத்தை இனிப் பயன்படுத்த வேண்டியதில்லை. கடனாக வந்த 13-ஐயே வாங்கி, நட்டு, பின், வளையம், ஸ்பேனரோடு ஒரு பையில் கட்டிப் படகிலேயே உபரியாக வைத்தாயிற்று.